டிக்கிப் பலகையும் எட்டு எண்ணெய் டின்களும்

2022-ஆம் ஆண்டு ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. பல்லடத்தைத் தாண்டிக் காரணம்பேட்டை வருவதற்கு முன், சாலையோரப் புழுதியில் எட்டு நல்லெண்ணெய் டின்களை வரிசையாக இறக்கி வைத்துவிட்டு, காரின் டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்து ஒரு பலகையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பின்பக்க இடது டயர் தரையோடு படுத்துவிட்டது. மாற்று டயர், அதாவது ஸ்டெப்னி, அந்தப் பலகைக்கு அடியில் இருந்தது. பலகை வர மறுத்தது. ஆடிக்காற்று டிக்கிக் கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்க, கைபேசி வெளிச்சத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு நான் இழுத்த இழுப்பில் நகம் ஒன்று போனதுதான் மிச்சம். அந்த மாலையில் தொடங்கி ஏறக்குறைய ஏழு மாதம், டிக்கியின் அந்தத் தரையைச் சரிசெய்கிறேன் என்று நான் செய்த கூத்துகளையும் அதற்கு அழுத பணத்தையும்தான் இங்கே எழுதுகிறேன். யாராவது முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும்.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் உறவினர் ஒருவரின் மரச்செக்கு இருக்கிறது. அங்கிருந்து எண்ணெய் எடுத்து வந்து கோவையில் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பது என் வேலை. மாதம் இரண்டு நடை, ஒரு வழிக்கு எழுபது கிலோமீட்டர் சொச்சம். கார் 2015-ஆம் ஆண்டு வந்த ஐந்து கதவுச் சின்ன வண்டி, பழையதாக வாங்கினேன். டிக்கியில் பதினைந்து கிலோ டின் எட்டு, நான்கு நான்காக இரண்டு வரிசையில், அளவெடுத்துச் செய்ததுபோல் உட்காரும். அப்படி உட்கார்ந்ததைப் பார்த்துப் பெருமைப்பட்டேனே தவிர, டின்னின் எடையையும் சேர்த்தால் அது 128 கிலோ என்று ஒருநாளும் கூட்டிப் பார்க்கவில்லை. இன்னொன்றையும் கவனிக்கவில்லை. எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் பாருங்கள். அதன் அடித்தகடு சற்று உள்ளே தள்ளி இருக்கும். சுற்றி மடித்துவிட்ட விளிம்புதான் தரையில் படும். ஆக, பதினாறு கிலோவும் ஒரு நூல் அகல விளிம்பில் நிற்கிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்த விளிம்பு பலகையைக் கத்திபோல அழுத்திக்கொண்டே வந்திருக்கிறது. பழைய பலகையை இப்போது பார்த்தாலும் கார்ப்பெட்டில் எட்டுச் சதுரங்கள் கோலம்போல் பதிந்திருப்பது தெரியும்.

பலகை ஏன் வரவில்லை என்றால், அது நடுவில் முறிந்து, குழிவாகத் தொய்ந்து, ஸ்டெப்னியை இறுக்கிப் பிடிக்கும் நடுத் திருகின் தலையில் குத்திக்கொண்டு நின்றது. பின்வரிசை டின் ஒன்று அந்தப் பள்ளத்தில் சாய்ந்து, மூலை நசுங்கி, மூட்டில் கசிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகக் கசிகிறதோ தெரியாது. காரைத் திறந்தபோது நல்லெண்ணெய் மணம் ஆளைத் தூக்கியது, தீபாவளி விடியற்காலைபோல. எனக்கு அழுகை வந்தது. மூன்று வண்டிகள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போயின. கடைசியில் மொபெட்டில் வந்த பஞ்சர் கடைத் தம்பி ஒருவர் நிறுத்தினார். திருப்புளியை விட்டு நெம்பிப் பலகையை இரண்டு துண்டாகவே பிய்த்து எடுத்தார். அடியில் இருந்த ஸ்டெப்னியில் காற்று இல்லை; நான் வாங்கிய நாளிலிருந்து யாரும் அதைத் தொட்டதில்லை. அதைக் கழற்றிக்கொண்டு அவர் கடைக்குப் போய்க் காற்றடித்து வர வேண்டியதாயிற்று. நான் டின்களுக்குக் காவல். வீடு திரும்ப வேண்டிய நேரத்துக்கு இரண்டே முக்கால் மணி நேரம் பிந்தினேன். கையில் இருந்த பிய்ந்த பலகையைப் பார்த்து அவர் சொன்னதுதான் இந்தக் கதை முழுவதற்கும் சாவி: "இதைத் தரை என்று நினைத்துச் சுமை ஏற்றிவிட்டீர்கள் அக்கா. இது மூடி." அன்று அது எனக்கு உறைக்கவில்லை. உறைப்பதற்கு இன்னும் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழிக்க வேண்டியிருந்தது.

முதலில் எண்ணெய். இரண்டு விரல் ஆழத்துக்கு ஸ்டெப்னிக் குழியில் தேங்கியிருந்தது. மரத்தூள் கொட்டி ஒருநாள் ஊறவிட்டு அள்ளினேன், அதுவரை சரி. மீதிப் பிசுபிசுப்பைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தால் பளிச்சென்று போய்விடும் என்று ஒருவர் சொல்ல, அதையும் செய்தேன். குழியில் ஜாக்கி, வீல் ஸ்பேனர் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும் வெள்ளைத் தட்டு தெர்மாகோல். பெட்ரோல் பட்ட இடமெல்லாம் அது பனிக்கட்டிபோல் கரைந்து குழி விழுந்தது. பூட்டிய காருக்குள் இரண்டு நாள் பெட்ரோல் ஆவி வேறு. அது எவ்வளவு ஆபத்து என்று பிறகு நினைத்துப் பார்த்தபோதுதான் உடம்பு நடுங்கியது. எண்ணெய்க்கு வெந்நீரும் பாத்திரம் துலக்கும் சோப்புமே போதும். குழியின் அடியில் தண்ணீர் வெளியேற ரப்பர் மூடிகள் இருக்கும். அவற்றைத் திறந்து கழுவிவிட்டுத் திரும்ப இறுக்கமாகப் பொருத்துங்கள். எண்ணெயில் ஊறிய ரப்பர் உப்பித் தளர்ந்துபோகும். என் காரில் இரண்டில் ஒன்று அப்படித்தான் ஆகியிருந்தது. பிறகு கார்ப்பெட்டைக் கழற்றிக் கழுவ ஒரு கடைக்கு 1,200 ரூபாய்.

இப்போது பலகை. உடைந்த துண்டைக் கையில் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது, அது அழுத்திய மரநார் அட்டை, ஐந்து மில்லிமீட்டர் கனம், மேலே மெல்லிய கார்ப்பெட் ஒட்டியது. பெரும்பாலான சின்ன வண்டிகளில் இப்படித்தான். எடை குறைய வேண்டும், விலை குறைய வேண்டும் என்பதற்காகச் செய்தது. நான்கு ஓரத்தில் தகட்டு விளிம்பிலும் தெர்மாகோல் தட்டிலும் உட்கார்ந்திருக்கும்; நடுவில் அறுபது சென்டிமீட்டர் அகலத்துக்குத் தாங்க ஒன்றுமில்லை. துணிப்பையும் காய்கறிக் கூடையும் வைக்க அது தாராளம். அதன்மேல் சரக்கு ஏற்றியது என் தப்பு, தயாரித்தவர் தப்பு அன்று.

முதல் முயற்சி சிக்கனம். ஆறு மில்லிமீட்டர் பிளைவுட் ஒரு துண்டு 650 ரூபாய்க்கு வாங்கி, வெட்டி, அப்படியே போட்டேன். இரண்டாவது நடையிலேயே வில்லாக வளைந்துவிட்டது. அப்போது என் அக்கா மகன், பொறியியல் படிக்கிறவன், ஒரு கணக்கைச் சொன்னான்: பலகையின் விறைப்பு கனத்தைப் பொறுத்து நேர்விகிதத்தில் கூடாது, மும்மடிப் பெருக்கில் கூடும். கனத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்கு. ஆறு மில்லிமீட்டருக்கும் பன்னிரண்டு மில்லிமீட்டருக்கும் விலையில் வித்தியாசம் சில நூறு ரூபாய். வளையாமல் நிற்பதில் வித்தியாசம் எட்டு மடங்கு. இதைத் தெரியாமல் "நடுத்தரமாக ஒன்று கொடுங்கள்" என்று கடையில் கேட்டு நின்றேன். மெல்லிய பலகை வாங்கி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

அடுத்தது எதிர்த் திசையில் அதே அளவு முட்டாள்தனம். இனி உடையவே கூடாது என்ற ஆத்திரத்தில் வெல்டிங் பட்டறைக்குப் போனேன். ஒரு அங்குலச் சதுர இரும்புக் குழாயில் சட்டம், மேலே இரண்டு மில்லிமீட்டர் இரும்புத் தகடு, கறுப்புப் பெயின்ட். 4,200 ரூபாய். யானை ஏறினாலும் தாங்கும் என்றார்கள், தாங்கியிருக்கும்தான். எடை இருபது கிலோ. அதை ஆட்டம் இல்லாமல் பிடிக்க வேண்டுமே என்று, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் காரின் தரைத் தகட்டில் நான்கு துளை போட்டு போல்ட் முடுக்கியிருந்தார்கள். "கெட்டியாக நிற்கும் மேடம்" என்றார் அங்கிருந்தவர். நானும் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே என்மேல் கோபம் வரும்.

அந்தச் சட்டத்தோடு மூன்று மாதம் ஓட்டினேன். தகடு கடகடவென்று தட்டிய சத்தத்தில் காரில் வானொலி கேட்க முடியாது. ஐப்பசி மழையில் குழிக்குள் தண்ணீர் வந்தது. முதலில் பின்விளக்கு ஓரத்து ரப்பர் விட்டுவிட்டதோ என்று நினைத்தேன், அதுவும் வழக்கமாகத் தண்ணீர் நுழையும் வழிதான். மெக்கானிக் வண்டியைத் தூக்கிக் கீழிருந்து டார்ச் அடித்துக் காட்டினார். நான்கு துளைகளில் ஒன்று சைலன்சரின் வெப்பத் தகட்டுக்கு நேர் மேலே. இன்னொன்று பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து தொட்டிக்குப் போகும் குழாய்க்கு இரண்டு விரற்கடை தள்ளி. துளைபோட்டவர் கீழே குனிந்து பார்க்கவே இல்லை. இரண்டு விரற்கடை இந்தப் பக்கம் இறங்கியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத ஆள் இருந்திருப்பேனா என்பது சந்தேகம். பெயின்ட் உரிந்த துளை விளிம்பில் எல்லாம் அதற்குள் செம்மண்ணாகத் துரு. துருவைச் சுரண்டி, தகடு அடைத்து, அடிப்பூச்சு பூச 1,800 ரூபாய். ஆகவே யாரிடம் வேலை கொடுத்தாலும் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு: வண்டியின் உடம்பில் துளை போடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எடுத்து எடுத்து வைக்கிற பலகை ஒரு சாமான், அவ்வளவுதான். போல்ட் போட்டு நிரந்தரமாக இறுக்கும் இரும்பை அப்படிச் சொல்ல நான் துணிய மாட்டேன்.

ஆனால் அந்த இரும்புச் சட்டத்தை நான் தூக்கியெறிந்தது துருவுக்காகவோ மோட்டார் வாகனச் சட்டத்துக்காகவோ அன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் ஒத்திகை பார்த்தேன். எட்டு டின்னும் ஏற்றிய நிலையில் டயர் பஞ்சர் என்று வைத்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் ஸ்டெப்னியை எடுக்க வேண்டும். டின்களை இறக்கினேன். நான்கு போல்ட்டைக் கழற்ற ஸ்பேனர் வேண்டும். ஸ்பேனர் சட்டத்துக்கு அடியில் இருந்தது. பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக் கழற்றிவிட்டு, குனிந்து, கையை நீட்டி, இருபது கிலோ தகட்டை உயர்த்தியபோது இடுப்பில் சுளீர் என்றது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். பஞ்சர் கடைத் தம்பியின் வார்த்தை அப்போதுதான் உறைத்தது. மூடி என்றால் திறக்க வேண்டும். நான் அதை உடையாததாக்கவே பாடுபட்டேனே ஒழிய, திறப்பதை நினைக்கவே இல்லை. டிக்கித் தரையை எதுவாக மாற்றினாலும், முழுச் சுமையோடு ஒருமுறை வாசலில் டயர் மாற்றிப் பாருங்கள். அரை மணி நேர வேலை.

மூன்றாவது முறை ஒரு தச்சரிடம் போனேன். அறுபதைத் தாண்டிய பெரியவர். என் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு அளவு நாடாவை எடுக்காமல் கேள்விதான் கேட்டார். "அடியில் இருப்பதில் எதை அடிக்கடி எடுப்பாய் கண்ணு? எதை வருஷத்துக்கு ஒருதரம் எடுப்பாய்?" யோசித்துச் சொன்னேன்: காற்றடிக்கும் பம்பு, கயிறு, குடை அடிக்கடி; ஸ்டெப்னி எப்போதாவது. "அப்படியானால் பலகையை மடிக்க வேண்டும்" என்றார். அடுத்து ஸ்டெப்னிக்கும் பலகைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று கேட்டார். நாடா அங்கே நுழையாது, மூடினால் தெரியாது, திறந்தால் அளக்க முடியாது. "சப்பாத்தி மாவு பிசைந்து கொண்டு வா."

கெட்டியாகப் பிசைந்த கோதுமை மாவை எலுமிச்சை அளவு ஆறு உருண்டைகளாக்கி, ஒட்டாமல் இருக்க மேலும் கீழும் மெழுகுத்தாள் வைத்து, டயரின் மேல் சுற்றி நான்கு, நடுவில் இரண்டு வைத்தோம். இரும்புத் தகட்டை அதன் இடத்தில் இறக்கி, திரும்ப எடுத்தோம். உருண்டைகள் வடைபோல் தட்டையாகியிருந்தன. ஒவ்வொன்றின் கனத்தையும் பெரியவர் ஸ்கேல் வைத்து அளந்து, தகட்டின் இரும்புக் குழாய் உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். நடுவில் 38 மில்லிமீட்டர் இடம் இருந்தது. கதவுப் பக்க ஓரத்தில் ஒன்பதே மில்லிமீட்டர். நடுவில் முறிந்த பழைய அட்டை அந்தப் பக்கம் ஏன் டயரில் இடித்தது என்பது அந்த ஒன்பதில் இருந்தது: அவ்வளவு தொய்ந்தாலே போதும். எங்கே குறுக்குச் சட்டம் கொடுக்கலாம், எங்கே கூடவே கூடாது என்பதும் அதிலேயே தெரிந்துவிட்டது. நாலு ரூபாய் மாவு. இதற்கு முன்னால் இரண்டு முறை கண்ணளவில் செய்ததற்கு நான் கொடுத்த விலையை நினைத்துச் சிரிப்பதா அழுவதா?

வெட்டுவதற்கு முன் அட்டைப் பெட்டியைப் பிரித்து டிக்கி வடிவத்துக்கு மாதிரி செய்தார். டிக்கி நாற்சதுரம் இல்லை. சக்கர வளைவு இரண்டும் ஒரே அளவில்கூட இல்லை. இடது பக்கம் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக உள்ளே வந்திருந்தது. அட்டை சரியாக உட்காரும்வரை நான்கு தடவை செதுக்கினார். பிறகு பன்னிரண்டு மில்லிமீட்டர், தண்ணீர் தாங்கும் பி.டபிள்யூ.பி. வகைப் பிளைவுட், பலகையில் ஐ.எஸ். 710 என்று முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்து வாங்கச் சொன்னார். கடையில் மிஞ்சிய துண்டு 900 ரூபாய்க்குக் கிடைத்தது. மேல்தாளின் ரேகை இடமிருந்து வலமாக ஓடும்படி வெட்டினார், பலகை அந்தத் திசையில்தான் பள்ளத்தைத் தாண்டிக் கிடக்கிறது என்பதால். முன்பாதி, பின்பாதி என்று இரண்டு துண்டு. நடுவில் பலகையின் நீளம் முழுக்க ஓடும் பியானோ கீல். கீலுக்கு நேர் கீழே 38 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 25 மில்லிமீட்டர் அலுமினியச் சதுரக் குழாய் ஒன்று, இரண்டு பக்கத் தகட்டு விளிம்பிலும் சும்மா உட்காரும்; கையால் எடுத்துவிடலாம். குழியின் அடித்தகட்டில் முட்டுக்கட்டை எதுவும் வைக்கவில்லை. வைக்கலாமே என்றேன். அந்தத் தகடு ஸ்டெப்னியைத் தாங்கச் செய்தது, எடை ஓரத்தில்தான் இறங்க வேண்டும் என்றார்.

வெட்டிய விளிம்புகளில் மூன்று கை பெயின்ட். பிளைவுட் தண்ணீர் குடிப்பது விளிம்பு வழியாகத்தான். மேலும் கீழும் பூசிவிட்டு விளிம்பை விட்டுவிடுபவர்கள் அதிகம். அடியில் தகட்டில் படும் இடமெல்லாம் கம்பளித் துணிப் பட்டை. கடகடப்பு அதோடு நின்றது. மேலே கார்ப்பெட். டின் நிற்கும் இடத்தில் மட்டும் பழைய ரப்பர் விரிப்பை அளவாக வெட்டிப் போட்டிருக்கிறேன், அந்த மடிப்பு விளிம்பு எடையைப் பரப்பிக்கொள்ள. எல்லாம் சேர்த்து ஏழு கிலோ. பின்பாதியை மட்டும் ஒரு கையால் புத்தக அட்டைபோல் திறந்து, முன்பாதியின் மேல் டின்கள் நிற்கும்போதே அடியில் கைவிடலாம்.

டின் அடுக்குவதையும் மாற்றினேன். எட்டில் நான்குதான் இப்போது டிக்கியில், பின்இருக்கையின் முதுகோடு ஒட்டி ஒரே வரிசையாக. மீதி நான்கும் முன்இருக்கைகளுக்குப் பின்னால் கால் வைக்கும் பள்ளத்தில், பக்கத்துக்கு இரண்டு. வண்டியிலேயே தாழ்ந்த, உறுதியான இடம் அதுதான். பின்சக்கரத்துக்கும் பின்னால் கனத்தை ஏற்ற ஏற்ற வண்டியின் மூக்கு மேலே போகும், ஸ்டியரிங் இலேசாகும். பாலம் ஏறும்போது எனக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது, காற்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டிக்கியில் இருக்கும் நான்கையும் வண்டியோடு வந்த வளையங்களில் பட்டை போட்டு இறுக்குகிறேன். ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போல் இருபது மடங்கு விசையோடு முன்னால் வரும். பதினாறு கிலோ டின் முந்நூறு கிலோவுக்கு மேல் ஆகும், அதுவும் என் முதுகை நோக்கி. அக்கா மகன் இந்தக் கணக்கைச் சொன்ன அன்றே பட்டை வாங்கினேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் முழுச் சுமைக்குப் பின்டயரில் எவ்வளவு காற்று என்று தனியாகப் போட்டிருக்கும். ஏழு வருஷ வண்டியில் அந்தத் தாளை முதலில் படித்தது நானாகத்தான் இருப்பேன். ஆடி மாதப் பஞ்சருக்கு ஆணி மட்டும் காரணம் இல்லை.

அடியில் கிடைத்த இடம் எதிர்பாராத இலாபம். கரைந்துபோன தெர்மாகோல் தட்டைத் தூக்கிவிட்டு, முதல் முயற்சியில் வீணான ஆறு மில்லிமீட்டர் பிளைவுட்டைப் பெரியவர் நான்கு முக்கோணப் பெட்டிகளாக்கிக் குழியின் நான்கு மூலையில் பொருத்திக் கொடுத்தார். வட்டக் குழிக்கும் சதுர டிக்கிக்கும் நடுவில் வீணாகக் கிடந்த மூலைகள் அவை. கதவுப் பக்கத்து இரண்டு மூலையில் ஜாக்கி, ஸ்பேனர், எச்சரிக்கை முக்கோணம், காற்றடிக்கும் பம்பு, டியூப்லெஸ் டயரில் சொருகும் பஞ்சர் பொருள்கள். உள்பக்க மூலைகளில் கயிறு, கோணிப்பை, புனல், கையுறை. ஸ்டெப்னியின் நடுக் குழிவில் இழுவைக் கொக்கியும் ஒரு பழைய மழைக்கோட்டும். ஒவ்வொன்றும் துணி சுற்றி வைத்தது, இல்லாவிட்டால் மறுபடி கடகடப்பு. முதலுதவிப் பெட்டியை மட்டும் அங்கே வைக்கவில்லை. அது முன்னால் கைக்கெட்டும் இடத்தில். சைலன்சருக்கு மேல் இருக்கும் மூடிய இடம் என்பதால் ஸ்பிரே டப்பா, லைட்டர், கைச்சுத்திகரிப்பான், பவர் பேங்க் எதுவும் கூடாது. அடியில் தண்ணீர் வெளியேறும் மூடிகளை எந்தப் பெட்டியும் மறைக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை கைவிட்டு ஈரம் தடவிப் பார்ப்பேன். ஸ்டெப்னியையே எடுத்துவிட்டால் எவ்வளவு இடம் என்று ஆசை வரும், எனக்கும் வந்தது. டியூப்லெஸ் டயரும் பஞ்சர் பொருள்களும் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் வண்டியோடு வந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். என் வண்டியில் அந்தக் கருவி கிடையாது. டயரின் பக்கவாட்டுக் கிழிந்தால் எந்தச் சொருகலும் உதவாது என்பதும் ஒன்று. ஸ்டெப்னி இருக்கிற இடத்திலேயே இருக்கிறது, மாதாமாதம் காற்றோடு.

கணக்கு இது. போன எண்ணெய் 3,100, கார்ப்பெட் கழுவ 1,200, மெல்லிய பிளைவுட் 650, இரும்புச் சட்டம் 4,200, துளை அடைக்க 1,800, கடைசியாகச் சரியாகச் செய்ததற்குப் பலகை, குழாய், கீல், கார்ப்பெட், கூலி எல்லாம் சேர்த்து 3,190. மொத்தம் 14,140 ரூபாய். இரும்பைப் பழைய இரும்புக் கடையில் போட்டதில் 600 திரும்பி வந்தது. இதில் தேவைப்பட்ட செலவு அந்த 3,190 மட்டும்தான்.

போன தை மாதம் வெள்ளகோவில் பக்கம் மறுபடி ஒரு ஆணி. பின்பாதிப் பலகையைத் திறந்தேன், ஆணியைப் பிடுங்கினேன், சொருகினேன், பம்பை மாட்டிக் காற்றடித்தேன். ஒரு டின்னைக்கூட இறக்கவில்லை. இருபத்தைந்து நிமிடம். யாராவது வண்டியை நிறுத்திக் கேட்க மாட்டார்களா, பலகையைக் காட்டலாமே என்று இருந்தது, ஒருவரும் நிற்கவில்லை.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. மாவு உருண்டை ஆறு வைத்தோம் என்றேன் அல்லவா? அளந்து முடித்து ஐந்தைத்தான் எடுத்திருக்கிறோம். ஆறாவது டயருக்குப் பின்னால் உருண்டு போயிருந்ததை மூன்று வாரம் கழித்து ஒரு எலி கண்டுபிடித்தது. மாவைத் தின்றுவிட்டுப் பின்விளக்குக்குப் போகும் ஒயரையும் கடித்து வைத்திருந்தது. அதைச் சரிசெய்ய ஆன 450 ரூபாயை மேலே உள்ள கணக்கில் சேர்க்கவில்லை.